கட்டுமாவடிக் கரையில் காணாமல் போன பேஸ்

போன மாதம் குமரேசன் ஆலங்குடிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டான். போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரே ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். இப்போது அதை அவன்தான் நடத்துகிறான். உட்காரச் சொல்வதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டான்.

“அக்கா, இதப் பாருங்க. இப்ப வார்த்தையில சொன்னாப் போதும், பேஸ் வந்துருது.”

திரையில் ஒரு கட்டத்துக்குள் கனமான, இருட்டான ஹவுஸ் பேஸ் வேண்டும் என்று ஒரு வரி இங்கிலீசில் தட்டினான். நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் நாலைந்து ஒலிகள் வந்து விழுந்தன. கேட்டேன். மோசமில்லை. அதில் ஒன்று நன்றாகவே இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

“அம்புட்டுத்தானா? கோவம்கூட வரலையா ஒங்களுக்கு?”

“எனக்கு எதுக்குடா கோவம்? நான்தான் ரிட்டயர்டு ஆயிட்டேன்ல.”

அவன் ஏதோ எதிர்பார்த்து வந்திருக்கிறான். அது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள், ஒரே ஒரு பேஸ் ஒலிக்கு அப்போதெல்லாம் வாரக்கணக்கில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்கிறார்களாம். எழுதிக் கொடுங்கள் என்றான். சரி என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதற்காக எழுதுகிறேன். பெருமை பேசுகிற அளவுக்குத் தெம்பு இல்லை.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். என் நாத்தனாருக்கு இன்றுவரை புரியவில்லை, ஏதோ கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடுவதற்கென்று ஹவுஸ் என்று ஓர் இசை இருக்கிறது. கிக் என்கிற அடி ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவில் தரைக்குள்ளிருந்து எழும்புவது போல ஒரு கனத்த ஒலி வரும். அதுதான் பேஸ். இந்த இசையைச் செய்கிறவர்கள் பல பேர் பேஸைத் தாங்களே செய்வதில்லை, வெளியே வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி அவர்கள் வாங்கிய ஒலிகளில் சில, புதுக்கோட்டையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே மாடியில் செய்தவை. கீழே கம்பி இறக்கும்போது நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். படித்து முடித்ததும் கேசட் பதிவு செய்யும் கடையில் இருந்தேன். கேசட் போனது, சிடி வந்தது. பிறகு பக்திப் பாடல்களுக்குக் கீபோர்டில் ஒலி சேர்த்துக் கொடுத்தேன். சிடியும் போனது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வேலை தேடி அலைந்தது எல்லாம் இதற்கு நடுவில். ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டுடியோ செபஸ்தியான் சாருடையது. சிங்கப்பூரில் ஒரு கிளப்பில் சவுண்ட் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். என்னைவிடச் சில வருடங்கள்தான் மூத்தவர். சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்க வருகிற அம்மாளிடம்கூட ‘வாங்க, போங்க’தான். நல்லாயிருக்கு என்றும் சொல்ல மாட்டார், நல்லாயில்லை என்றும் சொல்ல மாட்டார். கேட்டுவிட்டு, “நாளைக்குக் கேப்போமா?” என்பார். மறுநாளும் அதையே சொன்னால் அந்த ஒலி தேறாது என்று அர்த்தம். இந்த மரியாதை எனக்குச் சில நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது. திட்டினால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

அவருடைய முறை இது. ஒரு பேஸ் ஒலியை மூன்று அடுக்காகச் செய்வோம். லேயர் என்போம். அடியில் ஒன்று: எந்த நெளிவும் இல்லாத சுத்தமான அலை. சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, பெரிய பெட்டியில் நெஞ்சுக்கூட்டில் தெரியும். நடுவில் ஒன்று: கொஞ்சம் கரகரப்பானது. இரண்டு மூன்று குரல்களை ஒன்றோடொன்று இம்மியளவு சுதி விலக்கி வைத்தால் அதற்கு ஓர் உடம்பு வரும். மேலே ஒன்று: தொடங்கும்போது மட்டும் ‘டிக்’ என்று விழுகிற கூர். அது இருந்தால்தான் எந்த நொடியில் பேஸ் தொடங்கியது என்று காதுக்குப் புரியும்.

செய்துவிடலாம். சேர்ப்பதில்தான் பாடு. நடு லேயரின் அடிப்பகுதியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடி லேயரோடு மோதிக்கொள்ளும். கிக் விழுகிற ஒவ்வொரு தடவையும் பேஸ் கொஞ்சம் தணிந்து வழிவிட்டு உடனே எழும்ப வேண்டும். சீக்கிரம் எழும்பினால் நெரிசல், தாமதமாக எழும்பினால் ஆடுகிறவனுக்குக் கால் பின்னிக்கொள்ளும். மூன்று லேயரும் ஒரே திசையில் காற்றைத் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கும், காதில் ஒன்றும் இருக்காது.

அதனால் சார் திரையை அணைத்துவிட்டுத்தான் கேட்பார். ஹெட்போனைத் தொட மாட்டார். அறையின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கடைசியில், இடது வலது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு ஒரு தடவை கேட்க வேண்டும். ஏதாவது எதிரெதிராக இருந்தால் அப்போது அது காணாமல் போய்விடும். “ஒண்ணாச் சேத்துக் கேட்டாச்சுங்களா?” என்று அவர் கேட்காமல் எந்த ஒலியும் வெளியே போனதில்லை.

முதன்முதலாக நான் தனியாகச் செய்த பேஸில் லேயர்களாக அடுக்கித் தள்ளியிருந்தேன். அவ்வளவையும் போட்டால் கனம் வரும் என்று நினைப்பு. சார் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். இரண்டே இரண்டு மிஞ்சியது. அது நான் செய்ததைவிடப் பெரிதாக இருந்தது.

“அப்ப மத்ததெல்லாம் நான் எதுக்கு சார் செஞ்சேன்?” என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“எந்த ரெண்டு வேணும்னு தெரிஞ்சுக்கத்தாங்க,” என்றார். அவர் சொன்னது சரிதான் என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபத்தைத்தான் தந்தது.

எங்கள் பெயர் எந்த இசையிலும் வராது. வாங்கியவன் பெயர்தான் வரும். ஒரு தடவை இலுப்பூரில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குத் தனியார் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். யாரோ ஒரு சினிமாப் பாட்டுக்கு அடியில் என் பேஸைப் போட்டு ரீமிக்ஸ் செய்திருந்தார்கள். எங்கிருந்து சுட்டார்களோ. முதல் தடவை விழுந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினேன்.

“இது நான் செஞ்சதுங்க!”

கொஞ்ச நேரம் கேட்டார். “எனக்கு வயித்தக் கலக்குது. டிரைவர்ட்டச் சொல்லிக் கொறைக்கச் சொல்லவா?” என்றார்.

நான் வாங்கிய விமர்சனங்களிலேயே நேர்மையானது அது.

அடுத்துச் சொல்லப்போவதைப் பிள்ளைகள் கொஞ்சம் கவனமாகப் படிக்கட்டும்.

சாருக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு வருடம், அவருடைய ஒலிகள் மாறத் தொடங்கின. மேல் லேயர் கூராகிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் அது இருப்பதே தெரியாது. இப்போது ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. வேலையையும் பெரும்பாலும் வீட்டிலேயே செய்தார், ஹெட்போன் போட்டுக்கொண்டு. வீட்டில் ஆரோக்கியம் அக்காவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று செய்கிறார் என நினைத்துக்கொண்டோம். ஆரோக்கியம் அக்கா அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். ஸ்டுடியோவுக்கு வந்தாலும் பின்பக்க நாற்காலியில் உட்காராமல், அதை வலதுபக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குமரேசன்தான் முதலில் என்னிடம் முணுமுணுத்தான். “அக்கா, சாரோடது பல்லக் கூசுது.” நான் சாரிடம் நேரடியாகவே சொன்னேன்.

“சார், மேல கொஞ்சம் அதிகமாத் தெரியுது. கொறைக்கலாமா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஒங்க காது அசந்துருக்குங்க, மல்லிகா. ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. ஒரு டாக்டரப் பாருங்க.”

அவர் சொன்னால் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் அவர் காதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருந்தேன். காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு நிம்மதியாக இல்லை. என் காது சரியாக இருந்தால் வேறு யாருடையது சரியில்லை என்கிற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை நான் மேற்கொண்டு நினைக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மரியதாஸின் வேலை வந்தது. கட்டுமாவடிக்காரப் பையன். அப்பா மீன்பிடிப் படகு வைத்திருந்தார். இவன் படிக்கப் போன வெளிநாட்டிலேயே தங்கி, ஹவுஸ் இசையில் நல்ல பெயர் எடுத்திருந்தான். எங்களிடம் தொடர்ந்து ஒலி வாங்குகிறவன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறேன், கல்யாணம் முடிந்த சாயங்காலம் கடற்கரையில் என் இசையை ஊருக்கு வாசித்துக் காட்டப்போகிறேன், அதற்கென்றே புது பேஸ் செய்து கொடுங்கள் என்று கேட்டான்.

“எங்கப்பாவுக்கு நான் அங்க என்ன செய்றேன்னே தெரியாது சார். ஊர்ல கேட்டா ஏதோ கொட்டு அடிக்கிறான்னு சொல்றாரு. ஒரு தடவையாச்சும் அவர் முன்னாடி வாசிக்கணும்,” என்று போனில் சொன்னானாம். சார் அந்த வேலையை எங்கள் யாருக்கும் தரவில்லை. தானே வீட்டில் உட்கார்ந்து செய்து, நேராக அவனுக்கு அனுப்பிவிட்டார்.

கல்யாணத்தன்று நானும் சாரும் வேனில் அறந்தாங்கி வழியாகப் போனோம். மதியச் சாப்பாடு முடிந்து, மீன் ஏலம் போடும் கூடத்துக்குப் பக்கத்தில் பலகை மேடை போட்டிருந்தார்கள். ராசு என்பவருடைய சவுண்ட் சர்வீஸ். மேடைக்கு இந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஓர் அடுக்கு பெட்டி, அந்தப் பக்கம் ஓர் அடுக்கு. மரியதாஸ் பட்டு வேட்டியோடு வந்து லேப்டாப்பை மாட்டி, சோதித்துப் பார்க்க முதல் பாட்டைப் போட்டான்.

கிக் நன்றாக விழுந்தது. பேஸ் வரவேண்டிய இடத்தில், ஊசி மாதிரி ஒரு ‘டிக்’ மட்டும் வந்தது. அதற்கு அடியில் ஒன்றுமில்லை.

“அக்கா, பேஸ் எங்கிட்டுப் போச்சு? என் ரூம்ல ஹெட்போன்ல கேட்டப்ப மலை மாதிரி இருந்துச்சே!” என்றான் மரியதாஸ்.

ராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க பெட்டியில கொற இல்லங்க. நேத்துக்கூட இதே பெட்டியிலதான் ஒரு காதுகுத்துக்கு அடிச்சோம், ஓடு அதிர்ந்துச்சு.”

ஏலக்கூடத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள். “ஏம்ப்பா, அந்த ஊசிச் சத்தத்த நிறுத்துங்கப்பா! மண்டைக்குள்ள எறங்குது!”

நான் மேடைக்கு முன்னால் நடந்து பார்த்தேன். இடது அடுக்குக்குப் பக்கத்தில் பேஸ் இருந்தது. வலது அடுக்குக்குப் பக்கத்திலும் இருந்தது. நடுவில் வந்தால், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி செத்துப்போனது. வேறு எப்படியும் இருக்க முடியாது. அடி லேயர் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்கிறது. ஒரு பக்கப் பெட்டி காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கிறது. ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவர் செய்கிற தவறு. அதைச் சார் செய்திருக்கிறார். ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

சார் இடது அடுக்குக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திருப்தி. நான் அவர் வலதுபக்கமாகப் போய், “சார், கொஞ்சம் நடுவுல வந்து கேளுங்க,” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து மரியதாஸ் பாட்டை நிறுத்தியிருந்தான். கரையில் காற்றுச் சத்தம் மட்டும்தான். “சார்!” என்று உரக்கக் கூப்பிட்டேன். தூரத்தில் நின்ற ராசு திரும்பிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற சார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்போன், சுவரோரம் போட்ட நாற்காலி, கூராகிக்கொண்டே வந்த மேல் லேயர், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போனேன். அவரைக் கூட்டிக்கொண்டு படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்துக்கு நடந்தேன்.

“சார், ஒங்களுக்கு வலது காது கேக்குதா?”

ஒரு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“சுத்தமா இல்லங்க,” என்றார்.

“எப்ப இருந்து?”

“போன வருசம். ஒரு நா காலையில எந்திரிக்கிறேன், இல்ல. சளி பிடிச்சிருக்கும், சரியாப் போயிரும்னு விட்டுட்டேன். பொறகு டாக்டர்ட்டப் போனா, உடனே வந்திருக்கணும்னாரு. இடதுலயும் மேல் சத்தமெல்லாம் கொறைஞ்சுக்கிட்டு வருதுங்க.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. பேஸ் செய்றவன் காது போச்சுன்னு யார்ட்டங்க போயிச் சொல்றது?”

பரிதாபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

“என் காதத்தான சார் டாக்டர்ட்டக் காட்டச் சொன்னீங்க? நான் போயி அந்த ரூம்ல ஒக்காந்துட்டு வந்தேன் சார்.”

“பொய்யின்னு நெனச்சுச் சொல்லலங்க. ஒங்க காதுலதான் கோளாறா இருக்கும்னு நம்பினேன். அப்படி இருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு.”

நடந்ததைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனில் எதுவும் பத்தாத மாதிரி இருந்திருக்கிறது. ஒலியைப் பக்கவாட்டில் அகலப்படுத்துகிற கருவியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அது வலது பக்கத்தை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. ஒரு காதால் கேட்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

“நான் லேப்டாப்ப வாங்கி சத்தமில்லாம சரி பண்ணிர்றேன் சார். பெட்டி வச்ச விதத்துல கோளாறுன்னு சொல்லிக்கலாம்,” என்றேன்.

அவர் ராசு நின்ற பக்கம் பார்த்தார். ராசு தன் ஆட்களிடம் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“அந்த மனுசன் பெட்டி மேல ஏங்க பழியப் போடணும்?” என்று சொல்லிவிட்டுச் சார் நேராக மேடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“தம்பி,” என்றார் மரியதாஸிடம். ராசுவும் அவர் ஆட்களும் இருந்தார்கள். “பெட்டியில ஒண்ணும் இல்ல. நான் செஞ்சதுலதான் தப்பு. எனக்கு வலது காது கேக்காது. மல்லிகா சரி பண்ணிக் குடுப்பாங்க. அவங்க காது நல்லாருக்கு.”

ராசு கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு, “ஒக்காருங்க சார்,” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சார் உட்காரவில்லை.

விருந்தினர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும். ஏலக்கூடத்து நிழலில் ஒரு ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். அகலப்படுத்தியதை எடுத்தேன். அடி லேயரை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே கோட்டில் நிறுத்தினேன். மேல் லேயரைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். ஆனாலும் போதவில்லை. ஸ்டுடியோவில் நாலு சுவரும் கூரையும் அடி ஒலியைத் தேக்கி வைக்கும். இங்கே சுவர் ஏது? கடல் பக்கமாகப் போனால் போனதுதான். அதனால் அடி லேயரின் நகல் ஒன்றை எடுத்து, லேசாகக் கசக்கி, அதில் உயர்ந்த சுரங்களைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தேன். காதுக்கு ஒரு வினோத குணம் உண்டு. மேலே உள்ள சுரங்கள் சரியான ஒழுங்கில் வந்தால், அடியில் இல்லாததையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

இதை நான் செய்துகொண்டிருந்தபோது சார் ராசுவோடு நின்று பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

“அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணா வேணாங்க. அடிப் பெட்டி எல்லாத்தையும் நடுவுல ஒண்ணா ஒட்டி வைங்க. தெறந்த வெளியில பிரிச்சு வச்சா சண்ட போட்டுக்கும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். நான் ஒவ்வொரு தடவை போட்டுக் காட்டும்போதும் அவர் என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினால் அவரும் ஆட்டினார். கடைசியில் வழக்கம்போல, “ஒண்ணாச் சேத்துக் கேட்டாச்சுங்களா?” என்றார். கேட்டுவிட்டேன் என்றேன்.

வெயில் தாழ்ந்ததும் மரியதாஸ் வாசித்தான். பேஸ் எழும்பியபோது மணலில் நின்றவர்கள் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார்கள். பையன்கள் ஆடினார்கள், கல்யாணப் பெண்ணும் ஆடினாள். கூடை கழுவிய பெண் மறுபடி கத்தவில்லை, அதையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிரியாணி பரிமாறத் தொடங்கியதும் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. மரியதாஸின் அப்பா மட்டும் முன்வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மகனிடம் போய், “இன்னும் இருக்கா?” என்று கேட்டார். இல்லையென்றதும், “இருந்தா வாசி. நான் சாப்புட்டுத்தான் ஒக்காந்துருக்கேன்,” என்றார். மரியதாஸ் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு முதலிலிருந்து வாசித்தான்.

மறுநாள் காலையில் சார் வீட்டில் சொல்லிவிட்டார். ஆரோக்கியம் அக்காவே எனக்குப் போன் செய்து சொன்னார்.

“இந்த மனுசன் டிவிய அலற வச்சப்பவே எனக்குத் தெரியும், மல்லிகா. கூப்பிட்டா ஒரு பக்கம் மட்டும் திரும்புறாரு. அவரா சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கு முன்னாடியே தெரியும்னு அவர்ட்டச் சொல்லிராத.”

நான் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அக்கா படித்தால் மன்னிக்கட்டும். சார் இதையெல்லாம் படிப்பதில்லை.

அதற்குப் பிறகும் சார் வருடக்கணக்கில் ஸ்டுடியோவுக்கு வந்தார். கேட்கிற வேலை என்னிடம் வந்தது. வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவரே எழுதிச் சொல்லிவிட்டார், இனி மல்லிகா காதுதான் எங்கள் காது என்று. சிலர் போய்விட்டார்கள், பலர் போகவில்லை. மரியதாஸ் இன்றும் இருக்கிறான். சார், இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காதுக் கருவி மாட்டிக்கொண்டு, பிறகு வீட்டோடு நின்றுவிட்டார்.

நான் ஏன் வேலையிலிருந்து நின்றேன் என்று குமரேசன் பல தடவை கேட்டுவிட்டான். காதில் ஏதாவதா என்று பயம் அவனுக்கு. வருடா வருடம் சோதித்துக்கொள்கிறேன், காது நன்றாகத்தான் இருக்கிறது. கேட்கிற ஆசைதான் போய்விட்டது. நாள் முழுக்க ஒரே அடியை, ஒரே சுரத்தை, இம்மி கூட்டி இம்மி குறைத்து இத்தனை வருடம் கேட்டாயிற்று. மிக்சி ஓடினால் அதன் சுதி என்ன என்று மனம் போகிறது. டிராக்டர் நின்றால் அப்பாடா என்று இருக்கிறது. பிள்ளைகளே, குமரேசன் காட்டிய அந்த இயந்திரம் உங்கள் வேலையைப் பிடுங்கும் என்று பயப்படுகிறீர்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் எழுந்து ஒரு காது அடைத்த மாதிரி இருந்தால், வேலையை அப்படியே போட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். இடது பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குமரேசன் காட்டியதைச் சொன்னேன். வார்த்தையில் சொன்னால் பேஸ் வருகிறது என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“நல்லாருக்குங்களா?” என்றார்.

“பரவாயில்ல சார்.”

“இந்த மெஷின்ல கீழ ஒண்ணுமே வராதுங்க, மல்லிகா,” என்று காதுக் கருவியைத் தொட்டுக் காட்டினார். “பேச்சு மட்டுந்தான். எல்லாரும் தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி. புரியுது. ஆனா அலுப்பா இருக்கு.”

நான் வேறு எதையோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இதக் கொஞ்சம் கழட்டி வச்சுக்கிறேனே?”

“கழட்டுங்க சார்,” என்றேன்.

கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் தளர்ந்தது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பது நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆரோக்கியம் அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“இல்லக்கா,” என்றேன். “சும்மா இருக்கோம்.”